தடைக்காலத்து அணி

அந்த முதல் நாள் சாயங்காலம் கருவாட்டுக் களத்தில் நின்றவர்கள் இவர்கள்: ஐஸ் உடைக்கும் ஷெட்டிலிருந்து மூன்று பேர், எடை போடும் இடத்திலிருந்து இரண்டு பேர், குளிர் அறையிலிருந்து இரண்டு பேர், கணக்கு மேசையிலிருந்து நான். எங்கள் முன்னால் மேனேஜர், கக்கத்தில் ஒரு பந்தோடு. வராதவர்கள் என்று பார்த்தால், முதலாளி மதுரையில் இருந்தார். இறால் தலை கிள்ளும் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. கூடைப்பந்து ஆடத் தெரிந்த ஆள் என்று மேனேஜரைத் தவிர ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவரும் எங்கள் கம்பெனியில் கிடையாது.

அவர் பந்தை என்னிடம் எறிந்தார். இறால் கூடை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து வாங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அப்படித்தான் வாங்கினார்கள்.

கம்பெனி மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. படகுக்காரர்களிடம் இறால் வாங்கி, தலை கிள்ளி, ஓடு உரித்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது வேலை. சித்திரை பிறந்ததும் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் எங்களுக்கும் வேலை இல்லை. தினக்கூலி ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் திருப்பூர், கேரளா என்று போய் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். ஆனி மாதம் முதல் படகு கரைக்கு வருகிற அன்று பழகின ஆள் இல்லாமல் கம்பெனி திண்டாடும்.

மேனேஜர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லூரி நாளில் அவர் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். முழங்கால் கெட்டுப்போய் விட்டவர். கோடை விடுமுறையில்தான் ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும், தடைக்காலமும் அதே மாதங்கள்தான் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேருக்கு அந்த இரண்டு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டால் பழகின கை போகாமல் இருக்கும், கம்பெனி பெயரும் நாலு ஊரில் தெரியும். முதலாளி சரி என்றிருக்கிறார். அப்படி எங்கள் அணி பிறந்தது. ஆடத் தெரிந்தவனைத் தேடவில்லை. ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதவன் எவன் என்று பார்த்துத்தான் எடுத்தார்கள்.

என்னை எடுத்ததற்குக் காரணம், கம்பெனியில் கணக்கைக் கணினியில் ஏற்றத் தெரிந்த தினக்கூலி நான் ஒருவன்தான். இராமநாதபுரத்துக் கல்லூரியில் பி.காம். முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான். அய்யா விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர், அண்ணனும் அதுதான். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இதே கம்பெனியில் இறால் உரித்தாள். எனக்கு இந்த வேலையைச் சொல்லிவைத்து வாங்கித் தந்ததும் அவள்தான். காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வரும். பின்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். டிரைவர் பக்கத்து இடம் எனக்கு.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள், மகன் கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டான் என்று அய்யா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. படித்த பிள்ளைக்குக் கிடைப்பது நிரந்தர வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கூலிக்குப் போவதற்கா பதினைந்து வருஷம் படிக்க வைத்தோம்? டீக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். நான் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அந்த வார்த்தை உண்மையாக வேண்டும். அதைத் தவிர வேறு ஆசை எனக்கு அப்போது இல்லை. அது நடக்காமல் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வேனில் போகும்போதுகூடக் கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். டிரைவர் என் முட்டியில் கையை வைத்து அமுக்குவார்.

களம் என்பது பழைய சிமெண்டுத் தரை. முன்பு கருவாடு காயப்போட்ட இடம். எவ்வளவு கழுவினாலும் மீன் எண்ணெய் போகாது. ஓடி நின்றால் ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போய் நிற்போம். இரும்புக் கம்பத்தில் பலகை அடித்து வளையம் மாட்டினார்கள். உப்புக் காற்றில் வளையம் துருப்பிடித்துக் கையோடு வரும். வெல்டரைக் கூப்பிட்டு மறுபடி வைப்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், எறிந்த பந்து வளையத்துக்குப் போகாமல் சாலைப் பக்கம் போகும். நாங்களும் பழகிக்கொண்டோம். காற்று எவ்வளவு தள்ளும் என்று பார்த்து, வளையத்துக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளிக் குறிவைப்போம். பந்து வளைந்துபோய்த் தானாக விழும். அதுதான் ஆட்டம் என்று நினைத்திருந்தோம்.

முதல் வருஷம் மதுரையில் ஒரு போட்டிக்குப் போனோம். கூரை போட்ட உள்ளரங்கம். நான்கு பக்கமும் சுவர். ஒரு இலை அசையாது. எட்டுப் பேரும் மாறி மாறி வளையத்துக்கு இடது பக்கம் எறிந்துகொண்டிருந்தோம். கண் நேராகப் பார்க்கிறது, கை கேட்கவில்லை. எதிரணிப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நாங்கள் வேண்டுமென்றே ஏதோ செய்கிறோம் என்று பயந்து கொஞ்ச நேரம் இடது பக்கமாகவே காவல் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டு கூடை போட்டோம். ஆட்டம் முழுக்க அவ்வளவுதான்.

எங்கள் கேப்டன் திருப்பாலைக்குடிக்காரர். அப்பா வழியில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகு ஏறினால் வாந்தி. அதனால் ஐஸ் உடைக்க வந்துவிட்டார். எங்களில் உயரம் அவர்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலில் சாய்ந்திருந்தோம். பரமக்குடி தாண்டி அவர் சொன்னார்: "ஏலே, அடுத்த வருசம் வரும்போது ஒரு பெரிய ஃபேனையும் தூக்கிட்டு வருவோம்."

மறு வருஷம் மேனேஜர் எங்களை இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கத்துக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிப்போனார். கை மெதுவாகச் சொன்னபடி கேட்டது.

பெண்கள் கதை வேறு. எங்களுக்குச் சம்பளம் ஓடிய அந்த இரண்டு மாதமும் அவர்களுக்கு ஒரு காசு கிடையாது. மதினி விறகு வெட்டப் போவாள், மிளகாய் வற்றல் காம்பு கிள்ளப் போவாள், நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போவாள். நான் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, தலையில் சுமையோடு எதிரே வருவாள். கொழுந்தனைக் கேலி பண்ணாத மதினி எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் அவள் கேலியில் முள் கூடிக்கொண்டே வந்தது.

"என்ன கொழுந்தனாரே, ஓடியாடி வெளையாடப் போறியளா? நல்லா வெளையாடுங்க. நாங்க குத்தவச்சு வேலை பாத்தா கூலி. நீங்க குதிச்சு வெளையாடுனா சம்பளம்."

நான் சிரித்து வைப்பேன். கம்பெனி முடிவு, என் முடிவா? ஆனால் பஸ் ஏறிய பிறகு பனியனுக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொள்வேன்.

நான்காவது வருஷம் அரையிறுதி வரைக்கும் போனோம். பத்திரிகையில் ஒரு மூலையில் கம்பெனி பெயர் வந்தது. முதலாளி அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஐந்தாவது வருஷம் தடைக்காலம் தொடங்கிய அன்று அவரே களத்துக்கு வந்தார், மதுரையிலிருந்து அல்வாப் பொட்டலங்களோடு. பெண்கள் கணக்கு முடித்துக்கொண்டு வேனுக்கு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"இந்த வருசம் மதுரை கப்போட வாங்க. எட்டுப் பேரையும் பெர்மனன்ட் ஆக்கிர்றேன். இது என் வாக்கு."

நாங்கள் கைதட்டினோம். வேன் பக்கம் பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டார்கள். நான் அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். அய்யா, அதுதான் ஏற்கனவே ஆயாச்சே என்பதுபோல என்னைப் பார்த்தார். மதினி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினாள். கேலியும் பண்ணவில்லை. அது எனக்கு என்னவோபோல இருந்தது.

அந்த இரண்டு மாதம் நான் ஆடியதுபோல என் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. விடியுமுன் களத்துக்குப் போய்விடுவேன். ஜெயித்தால் நிரந்தரம், தோற்றால் டீக்கடை. மதுரைப் போட்டியில் ஒவ்வொன்றாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். தடைக்காலம் முடிவதற்கு மூன்று நாள் முன்னால் ஆட்டம். அன்று பார்த்து மதுரையில் மழை கொட்டியது. அந்த வருஷம் போட்டி உள்ளரங்கத்தில் இல்லை, திறந்தவெளி மைதானத்தில்; தண்ணீர் வடிந்து காய வேண்டும். மறுநாளும் மழை. தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். எந்த நாள் என்று கேட்டதும் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படகுகள் தடை முடிந்து கடலுக்குப் போய், முதல் இறாலோடு கரைக்குத் திரும்புகிற நாள்.

எங்கள் கம்பெனியில் வருஷத்திலேயே பெரிய நாள் அது. இரண்டு மாதம் யாரும் தொடாத கடல். கூடை கூடையாக வரும். வந்ததை உடனே ஐஸில் போட வேண்டும். நேரம் ஆக ஆக இறாலின் தலை கறுக்கும். கறுத்தால் விலை பாதிக்கும் கீழே. ஐஸ் உடைக்கிறவர்கள், எடை போடுகிறவர்கள், குளிர் அறை ஆட்கள் எல்லோரும் எங்கள் அணியில்தான் இருந்தார்கள். பழகின கையைக் காப்பாற்றத்தான் அணியே அமைத்தார்கள். அந்தக் கை எல்லாம் அன்று மதுரையில் இருக்க வேண்டியதாயிற்று.

மேனேஜர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். களத்துக்கும் ஆபீசுக்குமாக நடந்தார். அப்புறம் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். உரிக்கிற பெண்களில் பலமானவர்களாகப் பார்த்து ஐஸ் மிஷினிலும் எடையிலும் நிறுத்திக்கொள்கிறேன், ஒரு நாள்தானே என்றார். தான் வரவில்லை, போனில் பேசிக்கொள்ளலாம் என்றார். மதினியிடமே சொல்லி ஆள் பிரிக்கச் சொன்னாராம். அவள் சரி என்று தலையாட்டியதாகச் சொன்னார்.

இறுதி ஆட்டம் காலையில். எதிரணி ஒரு கல்லூரிப் பையன்கள். இரண்டாவது கால்பகுதி நடக்கும்போது பெஞ்சில் என் பைக்குள் போன் அதிர்வது தெரிந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. இடைவேளையில் எடுத்தேன். மேனேஜர். ஷெட்டுக்குள் யாரும் வரவில்லை, நூற்றிருபது பேரும் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்றார். லாரிகள் வந்து நிற்கின்றன. இறக்க ஆள் இல்லை. பந்து தட்டுகிறவர்களுக்குத் தடைக்காலச் சம்பளம் உண்டு என்றால், அவர்கள் வேலையை நாங்கள் பார்க்கும்போது எங்களுக்கும் அது உண்டா என்று கேட்கிறார்களாம். பதில் சொன்னால்தான் எழுந்திருப்பார்களாம். உடனே கிளம்பி வரச் சொன்னார். மூன்று மணி நேரத்துப் பாதை. இப்போது கிளம்பினாலும் ஆட்டம் முடிந்து கிளம்பினாலும் இறால் தலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று கேப்டன் சொன்னார். அப்படிக் கேட்கிறது எங்கள் மதினியாகத்தான் இருக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

இரண்டாம் பாதி எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. போன் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறை நான் பந்தை வாங்கியபோது என்னை மறித்து நின்ற பையன், "அண்ணே, போன எடுங்க, வீட்ல ஏதோ அவசரம்போல" என்றான். அவன் கவனம் அந்தப் பக்கம் போனதும் நான் கூடையில் போட்டுவிட்டேன். நாங்கள் ஜெயித்தோம். மூன்று புள்ளி வித்தியாசம். கோப்பையைக் கொடுத்தவர் கேப்டனின் கையைக் குலுக்கும்போதே நாங்கள் வேனில் ஏறிவிட்டோம்.

வேனில் கொண்டாட்டம் நடந்தது. கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். எட்டுப் பேரும் நிரந்தரம். முதலாளி எல்லோர் காது கேட்கவும் கொடுத்த வாக்கு; மாற முடியாது என்றார்கள். நான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கேட்டுக்கு முன்னால் வேன் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. பெண்கள் வரிசையாக, உறை மாட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று லாரி. அடியில் ஐஸ் கரைந்து தண்ணீர் சாலையில் ஓடியது. வாடை வரத் தொடங்கியிருந்தது. முதலாளி வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. உள்ளே போய் மிஷினைப் போடுங்க என்றார்.

மதினி எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "போங்க கொழுந்தனாரே. நாங்க மறிக்க மாட்டோம். எங்களைத் தாண்டித்தான் போகணும், அவ்வளவுதான்."

அவர்கள் உட்கார்ந்திருந்ததில் கால் வைக்க இடம் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் கால் வைக்கவில்லை. ஐஸ் ஷெட்டுக்காரர்களில் ஒருவருக்குத் தாய் அங்கே இருந்தாள். இன்னொருவருக்குத் தங்கை.

முதலாளி யோசித்தார். அவர் வியாபாரி, கோபப்படவில்லை. கோப்பையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களையும் அவர்களையும் சேர்த்துப் பேசினார்.

"இந்தப் பையங்களுக்கு வாக்குக் குடுத்தேன், ஜெயிச்சிட்டு வந்துட்டாங்க. இவங்களை நிரந்தரமாக்க வருசத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி வச்சிருக்கேன். அது ஒன்னுதான் எங்கிட்ட இருக்கு. இவங்களுக்கா, உங்களுக்கா? நீங்களே பேசி முடிங்க."

"நாங்க எதுக்குப் பேசணும்?" என்றாள் மதினி. "நாங்க ஒக்காந்திருக்கோம்."

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "ஏலே, படிச்சவன் நீதான். சொல்லு."

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணி அன்றோடு முடிந்தது, எங்கள் தடைக்காலச் சம்பளமும் நின்றது. மறு வருஷத் தடைக்காலத்தில் கேப்டன் திருப்பூருக்குப் போனார்; நன்றாக இருக்கிறார். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பலகையைக் கழற்றிக் குளிர் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். நான் இராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டரிடம் சம்பளத்துக்கு இருக்கிறேன்; நிரந்தரமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். அய்யா சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிந்தது. அவர் டீக்கடையை மாற்றிக்கொண்டார். மதினியும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. தடைக்காலம் வந்தால் முதல் வாரம் அவள் வீட்டில் இருக்கிறாள், விறகுக்குப் போவதில்லை.

அன்று அந்த கேட்டுக்கு முன்னால் மற்ற ஏழு பேரும் என் வாயைப் பார்த்து நின்றார்கள். எங்களுக்கே கொடுங்கள் என்று சொல்லலாம். நியாயமான வார்த்தைதான், நாங்கள் ஓடி ஆடி ஜெயித்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. மதினி என்னைப் பார்க்கவில்லை. லாரியிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் ஒரு இறால் வந்து அவள் காலடியில் நின்றது. பழக்கத்தில் அதை எடுத்துத் தலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். தலை கறுத்திருந்தது.

"கணக்குப் போட்டுருவோம், சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எவ்வளவு ஒதுக்குனீங்கன்னு சொல்லுங்க. இவங்க தலைக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துருவோம்."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. எங்களுக்குள் சண்டை வரும், அதற்குள் லாரியை உள்ளே விட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சொல்ல, நான் போனில் வகுத்தேன். தலைக்கு ஆயிரத்து எண்ணூறு. மதினி அதை வாங்கிக் கடைசி வரிசை வரைக்கும் சத்தமாகச் சொன்னாள். வருஷா வருஷமா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். வருஷா வருஷம் என்று முதலாளி சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நாங்களும் பின்னாலேயே மஞ்சள் பனியனோடு உள்ளே போனோம், ஐஸ் உடைக்க.

மேனேஜர் என் காதருகில் வந்து, நீ விட்டுக்கொடுத்த பங்கு மட்டும் இருபத்தேழாயிரம்டா என்றார். எட்டுப் பேருக்கும் சேர்த்து, வருஷத்துக்கு, இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய்.